பாட்டு வெட்டிய வாரம்

தபேலா இரண்டு தட்டுத் தட்டும். வயலின் ஓர் இழுப்பு இழுக்கும். அதற்கு மேல் பாட்டு வரவேண்டிய இடத்தில் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டு, யாரோ ஒருவர் “டாக்டர், குழந்தைக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்பார். கொட்டகை ஒரு நொடி ஒன்றும் புரியாமல் இருக்கும். பிறகு பெஞ்சுப் பக்கத்திலிருந்து கிளம்பும்: “டேய், பாட்டப் போடுடா! இன்னா நைனா, அறுத்துட்டியா?” ஒருவன் விசில் அடிப்பான், இன்னொருவன் பெஞ்சைத் தட்டுவான். நான் பெண்கள் வாசலில், கறுப்புத் திரைக்கு வெளியே, கிழித்த டிக்கெட் துண்டுகளைக் கைக்குள் மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பேன். யாராவது ஒரு பெண் எழுந்து வந்து, “ஏம்மா, அந்தப் பாட்டு எங்கம்மா?” என்று கேட்டால், “தெரியலியே” என்பேன். அந்தத் ‘தெரியலியே’யைப் பதினாறு வருஷம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் தெரியும். கொட்டகை தாம்பரம் மேற்கில், ரயில்வே லைனை ஒட்டி இருந்தது. படம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்து ஆட்கள். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டுமென்று முடிவைப் பார்க்காமல் எழுந்து ஓடுவார்கள். மறுநாள் அவர்களே வந்து சண்டை போடுவார்கள். அதனால் நீளமான படம் வந்தால் மேனேஜர் சார் ஒரு பாட்டை எடுக்கச் சொல்லிவிடுவார். ஆபரேட்டர் அண்ணன் ஃபிலிமை அந்த இடத்தில் வெட்டி, மிச்சத்தை ஒட்டிவிடுவார். வெட்டிய சுருளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்து, படப்பெட்டி திரும்பிப் போகிற வியாழக்கிழமை பழையபடி ஒட்டி அனுப்புவார். பெட்டிக்காரருக்கும் தெரியாது, படம் எடுத்தவருக்கும் தெரியாது. ஒரு தடவை விஷயம் கசிந்து, ஜனங்கள் பெஞ்சை உடைத்து, சோடாக்காரர் மண்டையில் தையல் போடும்படி ஆயிற்று. அதற்குப் பிறகு மேனேஜர் சார் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்: “பாட்டு வெட்டுனத எவனாவது எவளாவது வாயத் தொறந்து சொன்னீங்க, மறுநாள் இந்தப் பக்கமே வராதீங்க.” என் வீட்டுக்காரர் அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். கையில் ஒரு பெண் குழந்தை. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. சாதாரண நாளிலேயே நாலு பேர் எதிரில் பேச நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. நான் வாயைத் திறப்பேனா?

படங்களை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். திரைக்கு வெளியே நின்று கேட்கிறவளுக்குச் சில விஷயங்கள் பிடிபடும். ஒரு பாட்டு நல்ல பாட்டா இல்லையா என்று நான் பீடியை வைத்துச் சொல்வேன். பாட்டு ஆரம்பித்ததும் ஆண்கள் பக்கக் கதவு திறந்து, பீடி குடிக்க நாலு பேர் வெளியே வந்தால் அது சுமாரான பாட்டு. ஒருவரும் வரவில்லை என்றால் நல்ல பாட்டு. வெளியே வந்தவர் பீடியை வாயில் வைத்து, தீக்குச்சியைக் கிழித்து, அது கையைச் சுடும்வரை பற்ற வைக்காமல் நின்று கேட்டால், அந்தப் பாட்டு இருபது வருஷத்துக்கு நிற்கும். இது ஒன்றில்தான் எனக்கு நம்பிக்கை. மற்றபடி சினிமாப் பாட்டின் மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். மூன்று கதாநாயகிகள் இருக்கிற படத்தில் மூன்று பேருக்கும் ஒரே தொண்டை. மலை உச்சிக்கு ஓடிக்கொண்டே பாடுகிறவளுக்கு மூச்சு வாங்குவதே இல்லை. ஒரு குடம் தண்ணீரை மாடிக்குத் தூக்கிப் போனாலே எனக்கு இரண்டு வார்த்தை பேச முடியாது. அழுதுகொண்டே பாடுகிறாள், மூக்கு அடைக்கவில்லை. யாருடைய அழுகை, யாருடைய குரல், எதை நம்பி நாம் அழுகிறோம் என்று தோன்றும். தோன்றினாலும் அழுதுவிடுவேன். அது வேறு விஷயம்.

இந்தச் சந்தேகத்தை நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான். எங்கள் வரிசை வீட்டில் கடைசி வீட்டுக்குக் குடிவந்தவள். ரயில்வே கேங்மேன் ஒருவருடைய பெண்சாதி. மதுரைப் பக்கத்து நாடக செட் ஒன்றில் பதின்மூன்று வயதிலிருந்து ராணி வேஷம் கட்டிப் பாடியவள். அந்த செட் படப்பைத் திருவிழாவுக்கு வந்தபோது, படப்பைக்காரரான அந்தக் கேங்மேன் மூன்று நாளும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நாலாம் நாள் பெண் கேட்டுப் போனாராம். எல்லோரும் அவளை நாடகத்தக்கா என்றுதான் சொல்வார்கள். சிலர் மரியாதையாக, சிலர் வேறு மாதிரியாக. குழாயடியில் பெண்கள், “நாடகத்தக்கா, ராணியம்மா, முதல்ல நீ புடிச்சிக்கோ, அப்பறம் எங்களுக்குச் சாபம் குடுத்துறப் போறே” என்று சீண்டுவார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்து, உதட்டைக் குவித்து, நிஜ ராணி மாதிரியே ஒரு பார்வை பார்ப்பாள். சிரிப்பு அடங்க நேரமாகும்.

அக்காவுக்கு நாடகம், சினிமா இரண்டிலும் பைத்தியம். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டாள். “தங்கச்சி, நாடகத்துல ஒருத்தி பாட்டால கேட்டா இன்னொருத்தன் பாட்டால பதில் சொல்லியாகணும். சொல்லலேன்னா சனம் விடாது. சினிமாவுல ரெண்டு பேரும் ஆகாசத்தப் பாத்து ஒரே பாட்டப் பாடுறாக. யாரு யாருகிட்ட என்னத்தக் கேட்டாக?” என்பாள். இன்னொரு நாள், “சினிமாவுல பாட்டு வந்துட்டா கதை வெளிய போயி பீடி குடிச்சிட்டு வருது” என்றாள். என் பீடி விஷயத்தை இவளிடம் யார் சொன்னது என்று திடுக்கிட்டுப் போனேன். அவள் பாட்டில் எனக்குப் பிடிக்காதது ஒன்று இருந்தது. வரி முடிகிற இடத்தில் மூக்கால் சத்தமாக ஒரு மூச்சு இழுப்பாள். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டேன். சிரித்தாள். “அது எனக்கில்ல தங்கச்சி, ஆர்மோனியக்காரருக்கு. அவரு ஓரமா உக்காந்திருப்பாரு, எம் மூஞ்சி அவருக்குத் தெரியாது. மூச்சக் கேட்டுத்தான் கட்டைய அமுக்குவாரு.” நம்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நம்பினேன்.

அவள் சொன்னதில் நான் நம்பாதது ஒன்று உண்டு. ஒரு சினிமாவில் தான் நடித்துப் பாடியிருப்பதாகச் சொன்னாள். கதைக்குள் ஒரு நாடகம் நடக்கிறது. கதாநாயகன் ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்கிறான். மேடையில் ராணி வேஷத்தில் அவள். “எம் மூஞ்சி, எங் கொரலு. எரவல் வாங்குனது இல்ல.” கோடம்பாக்கத்தில் பதினோரு நாள் இருந்தாளாம். அது கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு. புருஷன் லைன் வேலையாக வெளியூர் போயிருந்தபோது, செட்டு வாத்தியார் ஆள் அனுப்ப, குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். புருஷனுக்குக் கடிதம் போட்டாளாம். அது போய்ச் சேரவில்லை. வினை அங்கேதான் பிடித்தது. படப்பையில் இருந்த அவள் நாத்தனார், புருஷனுக்கு மூத்தவள், அந்தப் பதினோரு நாளை விடவே இல்லை. மாதம் ஒரு முறை தாம்பரத்துக்கு வருவாள். காப்பியை ஆற்றிக்கொண்டே, வரிசை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, “பதினோரு நாளு எங்க கீறான்னே தெரியாம ஒரு குடும்பத்துப் பொம்பள இருப்பாளா? சினிமாவாம், பாட்டாம். எந்தக் கொட்டாயில ஓடுது? காட்டு, பாத்துட்டு கன்னத்துல போட்டுக்கறேன்” என்பாள். படம் பட்டணத்தில் ஒரு வாரம்கூட ஓடாமல் போய்விட்டது. தாம்பரத்துக்கு என்றைக்காவது வரும் என்று அக்கா காத்திருந்தாள். அவள் புருஷன் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால், மூன்று நாள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர், இப்போது அவள் பாட ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். அந்தப் பாட்டு ஒன்றுதான் அவளுடைய பதினோரு நாளுக்குச் சாட்சி.

படம் எங்கள் கொட்டகைக்கே வந்தது. சுவரில் ஒட்டிய போஸ்டரில் அக்கா இல்லை. அதைப் பார்த்ததுமே என் சந்தேகம் ஒரு சுற்றுப் பெருத்தது. வெள்ளிக்கிழமை மதியக் காட்சி. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஆர்மோனியம் கேட்டது. சினிமாவில் வருகிற மழுமழுவென்ற ஆர்மோனியம் இல்லை. தொண்டை கட்டிய நாடக ஆர்மோனியம். அதன் மேல் ஒரு பெண் குரல் எழுந்தது. முதல் வரி முடிந்ததும் மூக்கால் ஒரு மூச்சு. திரையை விலக்கிப் பார்த்திருக்கலாம். வெளிச்சம் உள்ளே போனால் திட்டுவார்களே என்று ஒரு பயம். பார்த்து அது வேறு யாராகவோ இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். கேட்டுக்கொண்டே நின்றேன். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர்கூட வெளியே வரவில்லை. மாலைக் காட்சியிலும் கேட்டேன். அதே மூச்சு, அதே இடங்களில். சனிக்கிழமை மதியம் அந்த இடம் வந்தபோது, ‘டப்’. படம் நீளமாம், முதல் நாளே ஜனங்கள் வண்டிக்கு எழுந்து ஓடியிருக்கிறார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் பாடாத பாட்டு அது ஒன்றுதான். போனாலும் கேட்க ஆள் இருக்காது என்று மேனேஜர் சார் நினைத்திருப்பார்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா அரக்குப் புடவையைத் தலையணைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிப் படப்பைக்குச் சொல்லி அனுப்பிவிட்டாளாம். “நாளைக்கு மதினி வாயி அடைக்கப்போகுது பாரு” என்றாள். நான் சொன்னால் நேரே மேனேஜரிடம் போய் நிற்பாள். உனக்கு யார் சொன்னது என்று அவர் கேட்பார். தீப்பெட்டி வாங்க வந்தவள் மாதிரி ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஞாயிறு மதியம் வந்தார்கள். புருஷன் சலவைச் சட்டையில் ஆண்கள் வாசல் வழியாகப் போனார். அக்காவும் நாத்தனாரும் ஏழு வயது மகளும் என் வாசலுக்கு வந்தார்கள். அந்தக் குழந்தை என்னைக் ‘கேட்டு சித்தி’ என்றுதான் கூப்பிடும். டிக்கெட்டைக் கிழிக்க வேண்டுமென்று அதுதான் நீட்டியது. நான் அதன் முகத்தைப் பார்க்காமல் கிழித்துக் கொடுத்தேன். பிறகு அந்த இடம் வந்தது, ‘டப்’ என்றது, “பாட்டப் போடுடா” என்று இரண்டு குரல் எழுந்து அடங்கியது. கதாநாயகன் இல்லாத பாட்டுக்கு அதற்கு மேல் யாரும் கத்தவில்லை.

படம் விட்டதும் நாத்தனார்தான் முதலில் வெளியே வந்தாள். “ராணி வந்தாளா? நான் கண்ண மூடவேயில்ல, வெத்தல எச்சி துப்பக்கூட எழுந்திருக்கல. இன்னாடா தம்பி, உன் பொண்டாட்டி பாட்ட எலி கவ்விகினு பூடுச்சா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. “மதினி, இருந்துச்சு மதினி. ஆர்மோனியம் கேட்டு நின்னுச்சுல்ல, அதுதான் மதினி” என்றாள். சட்டென்று திரும்பி என் கையைப் பிடித்தாள். “தங்கச்சி, நீ சொல்லு. நீ வெள்ளிக்கெழமையிலருந்து இங்கதான நிக்கிறே. எம் பாட்டு இருந்துச்சா இல்லையா?” அவள் புருஷன் என்னைப் பார்த்தார். அந்த மனுஷர் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சொல்லிவிடம்மா என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. சோடாக் கடைப் பக்கத்தில் மேனேஜர் சார் நின்றுகொண்டிருந்தார். குடித்துக்கொண்டிருந்த கலரை நிறுத்திவிட்டு அவரும் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “நான் வெளியில நிக்கிறவக்கா. உள்ள நடக்கறத நான் பாக்கலியே.”

அது பொய் இல்லை. நான் பார்க்கவில்லைதான். அப்படித்தான் எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். அக்கா என் கையை உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு ஒவ்வொரு விரலாக விட்ட மாதிரி விட்டாள். அவள் புருஷன் யாருக்கும் காத்திராமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். குழந்தை மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

என் கெட்ட புத்தியையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு நிஜம்தான், என் காதால் கேட்டேன். ஆனால் ஒரு பாட்டுக்குப் பதினோரு நாள் எதற்கு என்று எனக்குள்ளும் ஒன்று கேட்டது. நாத்தனாருடைய சந்தேகம் என்னிடமும் தொற்றிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஆபரேட்டர் அண்ணனுக்கு டீ கொண்டுபோகிற சாக்கில் மாடிக்குப் போய், வேறு எதையோ கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் சிரித்தார். “ஒரு பாட்டு எடுக்கறதுன்னா சும்மாவாம்மா? லைட்டு ஒரு நாள் எரியாது, கேமரா ஒரு நாள் வராது, ஹீரோவுக்கு ஒரு நாள் ஜலதோஷம். பத்து நாளு, பன்னெண்டு நாளு ஆவும்.” சொல்லிவிட்டு டின்னைத் திறந்து அந்தச் சுருளைக் காட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடுகு அளவில் ஒரு முகம், கிரீடத்தோடு. யாருடையது என்று சொல்ல முடியாது. ஓரத்தில் நடுக்கம் மாதிரி ஒரு கோடு ஓடியது. “அதான் கொரலு” என்றார். புதன்கிழமை ஒரு காட்சிக்கு மட்டும் இதைச் சேர்த்துப் போடக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வியாழக்கிழமை ஒட்டி அனுப்பிவிட்டார்.

பெட்டி போனபிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பெட்டி போனபிறகு, இனிமேல் சொல்லி என்ன பயன் என்று நினைத்தேன். ஒரு நாள் குழாயடியில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். பாடுவதை விட்டிருந்தாள், குழாயடியில் யாரும் ராணியம்மா என்று சீண்டுவதும் இல்லை. சீண்டினாலாவது பரவாயில்லை போல் இருந்தது. “நீ கேட்டிருப்பே தங்கச்சி. ஒங் காது எனக்குத் தெரியும்” என்றாள். நான் குடத்தில் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் பிறப்பதற்குள் அவள் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். துரத்தினார்களா, அவளாகப் போனாளா என்று வரிசை வீட்டில் இரண்டு கட்சியாகப் பேசினார்கள். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

இப்போது நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். கண் மங்கினாலும் காது நன்றாகவே இருக்கிறது. பாட்டு ஆசையும் போகவில்லை, சந்தேகமும் போகவில்லை. போன கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா தங்கள் சர்ச்சில் நடந்த பாட்டு நாடகத்துக்கு அழைத்துப் போனார். மாதாவாக வந்த பெண் கன்னத்தில் சின்ன மைக்கை ஒட்டிக்கொண்டு அருமையாகப் பாடினாள். தொட்டிலில் பொம்மைக் குழந்தையைப் போடும்போது கை நழுவிற்று. ‘அய்யோ’ என்று அவள் வாயைத் திறந்தாள். பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. இரவல் குரல்தான், முதலிலேயே நினைத்தேன் என்று எனக்கு ஒரு திருப்தி. டீச்சரம்மாவிடம் சொல்லவில்லை. மகள் போனில் இங்கிலீஷ் படங்கள் போட்டுக் காட்டுவாள். அதில் சண்டை போடுகிறவர்கள் சண்டையின் நடுவிலேயே பாட ஆரம்பிக்கிறார்கள். ஒருத்தி பாடிக் கேட்க, ஒருவன் பாடிப் பதில் சொல்கிறான். பாஷை தெரியாவிட்டாலும் இது நம் அக்காவின் நாடகம் மாதிரி அல்லவா இருக்கிறது என்று தோன்றியது. நடிப்பவர்களே பாடுகிறார்கள் என்று மகள் சொன்னாள். நான் அவர்கள் கழுத்து நரம்பைத்தான் பார்ப்பேன். நரம்பு புடைத்தால் நம்புவேன்.

அப்படி ஒரு மத்தியானம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பழைய படம் கிடைக்குமா என்று மகளைக் கேட்டேன். கிடைத்தது. முழுசாகப் பார்த்தோம். பாட்டு இல்லை. ஆர்மோனியம்கூட இல்லை, எந்த ஊரில் எவர் வெட்டியதோ, வெட்டியவர் வெட்டியபடியே விட்டுவிட்டார். அடியில் ஆட்கள் எழுதியிருந்ததை மகள் படித்தாள். பாட்டெல்லாம் தண்டம் என்று ஒருவர். பாட்டுக்காகவே பார்க்கலாம் என்று இன்னொருவர். நாடகக் காட்சி சும்மா இடத்தை அடைக்கிறது என்று ஒருவர். எனக்கு ஆத்திரம் வந்தது. “அந்த நாடகத்துல ஒரு பாட்டு இருந்துது, வெட்டிட்டாங்க, நான் கேட்டிருக்கேன்னு எழுதுடி” என்றேன். அவள் அப்படியே எழுதினாள், தாம்பரம் கொட்டகையில் பெண்கள் வாசலில் என் அம்மா வேலை பார்த்தார் என்றும் சேர்த்து.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ‘அந்தப் பாட்டைப் பாடியது என் அம்மா. உங்கள் அம்மாவைப் பார்க்கலாமா?’ என்று கேட்டிருந்தது. போனில் வருகிற எதையும் நான் நம்புவதில்லை. நம்பர் கேட்பார்கள், பிறகு பேங்கில் ஒன்றும் இருக்காது. “எதையும் சொல்லிடாதே” என்றேன். மறுநாள் இன்னொரு வரி வந்தது: ‘கேட்டு சித்தியா?’

சனிக்கிழமை அவள் வந்தாள். மேடவாக்கத்தில் இருக்கிறாளாம். ஐம்பது வயதுப் பெண். நடை அப்படியே அக்காவின் நடை. அக்கா இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது என்றாள். அம்மாவை அழைத்துப் போக அப்பா ஒரு தடவை மதுரை வரைக்கும் வந்து, தெருமுனையிலிருந்தே திரும்பிப் போய்விட்டாராம். பிறகு அவரும் இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, மூச்சு, டின், ஆபரேட்டர் சொன்ன பத்துப் பன்னிரண்டு நாள். நான் முடித்ததும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வரிசை வீட்டில் எல்லோரும் அக்காவைப் பார்த்த அதே பார்வை.

“இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன் சொல்றீங்க சித்தி? நான் மனசு ஆறணும்னா?”

“இல்லம்மா. நிஜம்.”

“நிஜம்னு எப்படி நம்பறது? நீங்கதான் பாக்கலேன்னீங்க.”

பாட்டு இல்லாத படம், செத்துப்போன ஆபரேட்டர், என் காது. வேறு என்ன இருக்கிறது? என் மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண் அதைத் தொடாமல் சொன்னாள்: “போன மாசம் என் பொண்ணுக்கு நிச்சயம் பண்ணோம். படப்பையிலருந்து எங்க அத்தை வந்தாங்க. அப்பாவோட அக்கா. எண்பத்தஞ்சு வயசு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எதிர்ல உக்காந்து, ‘இவ பாட்டி பதினோரு நாளு காணாமப் போனவ, பொண்ண கொஞ்சம் பாத்துக்கோங்க’ன்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் எழுந்து சமையக்கட்டுக்குப் போயிட்டேன்.” காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, “என்கிட்ட சொன்னீங்கல்ல, அவங்ககிட்ட வந்து சொல்வீங்களா?” என்றாள். என்னைச் சோதிக்கிறாள் என்று தெரிந்தது. “வரேன்” என்றேன்.

நானும் அந்தப் பெண்ணும் தாம்பரத்தில் பஸ் ஏறினோம். முடிச்சூர், மணிமங்கலம் கூட்டுரோடு என்று நிறுத்தம் நிறுத்தமாக, இறங்கிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே போனேன். படப்பையில் அந்த அம்மாள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு வற்றியிருந்தது, பார்வை வற்றவில்லை. காது மட்டும் போய்விட்டதாம். மிஷின் வாங்கிக் கொடுத்தும் அரிக்கிறது என்று போட்டுக்கொள்வதில்லையாம். நான் கிட்டப் போய், என் வழக்கமான குரலில் சொன்னேன்.

“இன்னா? ரேஷனா? கார்டு உள்ள கீது.”

இன்னொரு முறை சொன்னேன்.

“யாரு செத்துட்டா?”

“சத்தமா சொல்லுங்க சித்தி” என்றாள் அந்தப் பெண். உதவிக்கு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் பிறந்ததிலிருந்து சத்தம் போட்டுப் பேசியவள் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக் கேட்கச் சொல்கிறவள். கண்ணை மூடிக்கொண்டேன். “உங்க தம்பி பொண்டாட்டி பாட்டு அந்தப் படத்துல இருந்துது! கொட்டாயில வெட்டிட்டாங்க! நான் ரெண்டு ஆட்டம் காதால கேட்டேன்! பதினோரு நாளும் அந்தப் பாட்டு எடுக்கத்தான் ஆச்சு!” கத்தினேன். பக்கத்து வீட்டில் சீரியல் சத்தம் நின்றது. இரண்டு பெண்கள் கேட்டுக்கு வந்தார்கள். எதிரே பஞ்சர் கடைக்காரர் டயரைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீ யாரு?”

“பொம்பளைங்க வாசல்ல டிக்கெட் கிழிச்சவ!”

கண்ணைச் சுருக்கினாள். கண்டுபிடித்துவிட்டாள். “உன்னாண்டதான அவ கேட்டா? கையப் புடிச்சிகினு கேட்டா. பாக்கலேன்னு சொன்னவ நீதான?”

“ஆமா!”

“நான் பாத்தேன், இல்ல. அதனால இல்லேன்னு சொன்னேன். நீதான் கேட்டுகினு இருந்தியே. அன்னைக்கே சொல்றதுக்கின்னா? எந் தம்பி அந்த ஏக்கத்துலயே பூட்டானே. சொல்றதுக்கின்னா?”

பெண்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் மகளும் என்னைப் பார்த்தாள். கட்டியிருந்த கை அவிழ்ந்திருந்தது. மேனேஜர், வேலை, குழந்தை என்று சொல்ல நிறைய இருந்தது. அதெல்லாம் கத்திச் சொல்லக்கூடிய வார்த்தைகளாக இல்லை.

“பயந்துட்டேன்!” என்றேன்.

அந்த அம்மாள் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு, “இன்னா?” என்றாள். நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை, தெரு இன்னொரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தாளா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.